அன்னத்துக்கு ஈறு வைத்தவர்

என் வாயில் இருக்கும் இருபத்தெட்டுப் பல்லில் ஒன்றுகூட என் சொந்தப் பல் இல்லை. இதைக் கம்பைநல்லூரில் என் மனைவியைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை. மண்டியிலும் சந்தையிலும் கல்யாணப் பந்தியிலும் பதினைந்து வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன், ஒருத்தனும் கண்டுபிடிக்கவில்லை. "இந்த வயசுலயும் முறுக்கு கடிக்கறீங்களே, எப்பிடிங்க?" என்று கேட்டவர்களிடம் எல்லாம் "உழைச்ச ஒடம்பு" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டியிருக்கிறேன். இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பல்லைச் செய்தவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் வேறு வழியில்லை.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. என் செல்போனில் ‘பல்செட்’ என்றுதான் பதிந்திருந்தேன். என் மனைவியின் செல்போனிலும் அதேதான். தர்மபுரியில் இருக்கும் நாலைந்து பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பது அவர் தொழில். டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுப்பார். அந்த அச்சு ஒரு டப்பாவில் டவுன் பஸ் ஏறிக் கம்பைநல்லூர் வரும். இவர் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து முதலில் மெழுகில் ஈறு கட்டி, அதில் பல்லை நட்டுப் பார்ப்பார். சரியாக வந்ததும் கெட்டியாக வார்த்துத் திரும்பவும் பஸ் ஏற்றுவார். அவர் வீட்டு அலமாரி முழுக்க மாவுக்கட்டு போடும் வெள்ளை மாவில் செய்த தாடைகள். உள்ளே நுழைந்தால் நாற்பது பேர் தலையில்லாமல் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருமுறை மரியாதைக்காக "டாக்டரே" என்று கூப்பிட்டேன்.

"டாக்டர் இல்லீங்க மொதலாளி. வாய்க்குக் கொத்தனாருங்க."

ஒல்லி ஆள். விரல் நகமெல்லாம் ரோஸ் நிற மெழுகு. நம் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார், வாயைப் பார்த்துத்தான் பேசுவார். அவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே நமக்குப் பல்லிடுக்கில் கீரை மாட்டியிருக்கிறதோ என்று சந்தேகம் வந்துவிடும். அவர் வந்து போன பிறகு என் மனைவி கண்ணாடி பார்க்காமல் இருந்ததில்லை. பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் இன்னொரு வேடிக்கை. அப்பளம் பரிமாறும்போது சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார். நொறுங்குகிற சத்தத்தைக் கேட்டே, "எதிர் வரிசைல மூணாவது எலை, நம்ம வேலைங்க" என்று காதில் சொல்வார். எதிர் வரிசையில் மூன்றாவது இலைக்காரர் வெண்டைக்காயைத் தேடிக்கொண்டிருப்பார், பாவம்.

இப்போது அவர் இந்த ஊரில் இல்லை. மகள் வீட்டோடு ஓசூர் போய்விட்டார்.

அவர் குணம் என்னவென்றால், எதையும் முழுசாகச் சரியாகச் செய்ய மாட்டார். தெரியாமல் இல்லை, வேண்டுமென்றே. எந்தப் பல் செட்டிலும் ஒரு பல்லைக் கொஞ்சம் திருப்பி வைப்பார். ஒன்றைக் கொஞ்சம் மஞ்சளாக்குவார். ஓரத்தில் ஒன்றின் முனையை ராவிவிடுவார். கேட்டால் ஒரே பதில்: "ரொம்ப சரியா இருந்தா பொய்யினு தெரிஞ்சு போயிடுங்க."

எனக்கு இது ஆகாது. நான் நாலாவது வரைக்கும்தான் படித்தவன். பத்து வயதில் புளி மூட்டைக்குக் கீழே தோளைக் கொடுத்தவன். இன்றைக்குக் கம்பைநல்லூரில் புளி மண்டி என்றால் யாரைக் கேட்டாலும் என் மண்டியைத்தான் கை காட்டுவார்கள். மூன்று மாடி வீடு கட்டும்போது கொத்தனாரின் தூக்குக்குண்டை நம்பாமல் நானே கயிறு பிடித்துப் பார்த்தவன். மண்டியில் மூட்டை அடுக்கினால்கூட ஒரு விரல் வெளியே நீட்டக் கூடாது. எனக்கு எல்லாம் நேராக இருக்க வேண்டும். முதல் தரமாக இருக்க வேண்டும். நாலு பேர் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும்.

என் பல் விழுந்த கதையை நீட்ட வேண்டாம். மிச்சம் இருந்ததையும் டாக்டர் பிடுங்கிவிட்டார். நேராக இவரிடம் போய், "வெள்ளை வெளேர்னு, வரிசையா, மண்டில மூட்டை அடுக்கின மாதிரி இருக்கணும்" என்று சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினார். செட் வந்தது. போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். மேல் வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்து நிற்கிறது, பஸ்ஸில் தூங்கிவிழும் ஆள் மாதிரி! நிறம் பழைய தந்தம்.

"என்னாங்க இது? காசு குடுத்து வாங்கற பல்லு கோணையா இருக்குது?"

"அறுபது வயசு வாய்க்கு இருபது வயசுப் பல்லு வெச்சா ஊரே சிரிக்குங்க. எங்க, ‘தர்மபுரி பஸ் ஸ்டாண்டு’ன்னு சொல்லுங்க பாக்கலாம்."

சொன்னேன். ‘ஸ்’ வந்த இடத்தில் விசில் அடித்தது. தெரு நாய் திரும்பிப் பார்த்தது. விசிலை மட்டும் சரி செய்து கொடுத்தார். கோணலைத் தொட மறுத்துவிட்டார். இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. எதிரே வந்தால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு போனேன். ஒருநாள் சித்தேரியிலிருந்து மூட்டை கொண்டுவந்த மலைக்காரர் ஒருவர் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, "உங்களுக்கென்னாங்க, சொந்தப் பல்லு. எனக்குப் பாருங்க, பொக்கை" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே ஒரு கூடை புளியோடு பல்செட்டுக்காரர் வீட்டுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். என் வாயைப் பார்த்தார், தலையாட்டினார், கூடையை வாங்கிக்கொண்டார்.

என் லாரி டிரைவர் கதை இன்னும் மோசம். தொப்பூர் இறக்கத்தில் திடீர் பிரேக் போட்டு, ஸ்டியரிங்கில் வாயை மோதி, முன்பல் இரண்டையும் விட்டுவிட்டு வந்தான். அடுத்த மாதம் அவனுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். இவர் அவனுடைய பழைய போட்டோவைக் கேட்டார். போட்டோவில் முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து, அரிசி போனால் தெரியும். டிரைவர் காலில் விழாத குறை: "அண்ணா, அந்தச் சந்தை மட்டும் அடைச்சிடுங்கண்ணா. பொறந்ததுல இருந்து அதுதான் எனக்கு வினை." மனிதர் அசையவில்லை. சந்தோடு செய்து கொடுத்தார். டிரைவர் அழாத குறையாக வீட்டுக்குப் போனான். அவன் அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "எம்புள்ள வாய் திரும்பி வந்துடுச்சு" என்று தெருவையே கூட்டிவிட்டாளாம். பெண் வீட்டுக்காரர்களும் சரி என்றார்கள். அந்தச் சந்துக்கு இன்றைக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டுக்கும் அதே சந்து.

இப்படிப்பட்டவரிடம்தான் என் மகள் கல்யாணத்தின் மானம் போய் மாட்டியது.

மாப்பிள்ளை வீடு பெங்களூர். சம்பந்தியம்மா மெழுகுவர்த்தி செய்யும் கிளாஸுக்குப் போனவர். நிச்சயதார்த்தத்தன்று தன் கையால் செய்த ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ஒரு சாண் உயரம். இரண்டு வெள்ளை அன்னங்கள் எதிரெதிரே கழுத்தை வளைத்து நிற்கும், நடுவில் ஒரு தாமரை, தாமரையில் திரி. அன்னத்துக்குக் கண்ணாகக் கடுகு. "நகையெல்லாம் கடையில வாங்கினதுங்க. இது ஒண்ணுதான் என் கையால நான் குடுக்கறது. ரிசப்ஷன் உங்க ஊருல, அதனால உங்க வூட்டுலயே இருக்கட்டும். ரெண்டு பேரும் சேந்து இதைப் பத்த வெக்கணும்" என்றார். நான் சும்மா விடுவேனா? ஹாலில் ஷோகேஸ் நடுத்தட்டைக் காலி செய்து, அதை வைத்து, ஊரையே கூப்பிட்டுக் காட்டினேன். சம்பந்தியம்மா அடுத்த முறை வந்தபோது செருப்பைக் கழற்றியதும் நேராக ஷோகேஸிடம்தான் போனார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டு ஆயுத பூஜையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தராசு, லாரி, கோணி தைக்கும் மெஷின், பிரிட்ஜ், டிவி, மிக்ஸி, இன்வெர்ட்டர், எதையும் விட மாட்டேன். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், கற்பூரம். பல் செட் வைக்கும் டப்பாவுக்கும் பொட்டு வைத்தேன், அதுவும் உழைக்கிறதே! கடைசியில் ஷோகேஸ் கண்ணில் பட்டது. சம்பந்தி வீட்டுப் பொருளை மட்டும் விடுவது மரியாதையா? அன்னத்தை எடுத்து மணைமேல் வைத்தேன். இரண்டு நெற்றிக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன். தட்டில் கற்பூரத்தைத் தாராளமாகக் குவித்துக் கொளுத்தினேன். லாரிக்கு மூன்று சுற்று சுற்றியவன், சம்பந்தி என்பதால் அன்னத்துக்கு ஒன்பது சுற்று. அதுவும் நெருக்கமாக, நிதானமாக.

இடதுபக்கத்து அன்னம் மெல்லத் தலை குனிந்தது.

சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று நினைத்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

"இந்தாங்க! கும்புடறத நிறுத்துங்க! அது உருகுது!" என்று மனைவி கத்தினாள். கண்ணைத் திறந்தால் அன்னத்தின் அலகு அதன் மார்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நெற்றிக் குங்குமம் கன்னத்தில் வழிகிறது. மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டு போய் பிரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் தள்ளினாள். அரை மணி நேரம் கழித்து எடுத்தபோது ‘டக்’ என்று ஒரு சத்தம். கழுத்து மூன்று துண்டாகக் கையோடு வந்தது.

மகள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "அப்பா, அவங்க நாளைக்கு வர்றாங்க" என்றாள். மறுநாள் விஜயதசமி. முகூர்த்தப் புடவை எடுக்க அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போகச் சம்பந்தியம்மா வருகிறார். "அவங்க மொதல்ல அதைத்தான் பாப்பாங்க. அவங்க கையால செஞ்ச ஒண்ணக்கூட நம்ம வூட்டுல காப்பாத்த முடியலன்னு ஆயிடும். அந்த வூட்டுல போயி நிக்கப்போறது நீங்க இல்ல, நானு."

புளியில் எந்த ரகம் என்றாலும் தொட்டுச் சொல்வேன். மெழுகில் எனக்கு ஒன்றும் தெரியாது. அப்போதுதான் மனைவி சொன்னாள்: "மெழுகுன்னா பல்செட்டுக்காரரு இருக்கறாரில்ல?"

அவர் ஒரு ஸ்பிரிட் விளக்கு, இரண்டு சின்னக் கத்தி, ஒரு தகர டப்பா இவற்றோடு மத்தியானம் வந்தார். சாப்பாட்டு மேசையில் கிடந்த அன்னத்தைப் பார்த்தார். முதலில் பார்த்தது அலகைத்தான்.

"வாய்க்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

"கழுத்தே இல்லீங்க!"

"வாய் இருந்தாப் போதுங்க, மத்ததெல்லாம் கட்டிக்கலாம். முன்னாடி எப்பிடி இருந்துச்சு? போட்டோ இருக்குதா பாப்பா?"

மகள் செல்போனைக் காட்டினாள். அவர் விரலால் படத்தைப் பெரிதாக்கி, அச்சுத் தாடையைப் பார்ப்பதுபோல ரொம்ப நேரம் பார்த்தார். "வலது அன்னத்துக்குக் கழுத்து ஒல்லி. இடதுக்குக் கொஞ்சம் தடிப்பு. கண்ணும் எறங்கி இருக்குது" என்றார். நானும் அப்போதுதான் கவனித்தேன். இடது அன்னத்தின் கண் இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே, கன்னத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"அதான் நல்ல சமயமா வாய்ச்சிருக்குது. ரெண்டையும் ஒரே மாதிரி, நேரா வெச்சிடுங்க" என்றேன்.

"அது அந்தம்மா கைங்க மொதலாளி. அதை மாத்தினா வேற யாரோ செஞ்சதாப் போயிடும்."

பிறகு நான் பேசினாலும் அவர் காதில் விழவில்லை. பிளேடால் குங்குமம் பட்ட இடத்தை வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாகச் சீவினார். உடைந்த துண்டுகளில் ஒரு பொடிகூடப் போகாமல் கிண்ணத்தில் சேர்த்தார். அந்தக் கிண்ணத்தைக் கொதிக்கும் வெந்நீர்ச் சட்டியில் மிதக்க விட்டு உருக்கினார். "நேரா அடுப்புல வெச்சா பழுப்பாயிடுங்க" என்று மனைவியிடம் சொன்னார். அவள் ஏதோ புது ரசத்துக்குப் பக்குவம் கேட்பதுபோலத் தலையாட்டினாள். டப்பாவிலிருந்து பல் செட்டுக்குக் கொக்கி போடும் கம்பி ஒன்றை எடுத்துக் கழுத்து மாதிரி வளைத்து, சூடு காட்டி உடம்பில் இறக்கினார். அடுத்து எடுத்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரோஸ் நிற மெழுகுத் தகடு. பல் செட்டுக்கு ஈறு கட்டுகிற அதே மெழுகு.

"என்னாங்க, அன்னத்துக்கு ஈறு வெக்கறீங்க?"

"வெள்ளை மெழுகு தொவளுதுங்க, நிக்காது. இதுதான் கம்பியப் புடிச்சுக்கும். கம்பி எலும்பு, இது சதை. அவங்க மெழுக மேல தோலாப் பூசிடறன்."

அப்படியே செய்தார். ரோஸ் கழுத்து நின்றது, அதன்மேல் தலையும் உட்கார்ந்தது. கழுத்தின்மேல் தூரிகையால் உருகிய வெள்ளையை ஒரு பூச்சு பூசி, ஆற விட்டு, இன்னொரு பூச்சு. ஆறேழு பூச்சு போயிருக்கும். கடைசியில் என் மனைவியின் பழைய நைலக்ஸ் சேலைத் துண்டால் தேய்த்தார். பளபளவென்று வந்துவிட்டது. சீவும்போது உதிர்ந்த கடுகை ஊசி முனையால் எடுத்து, போட்டோவைப் பார்த்து, அதே இறங்கிய இடத்தில் பதித்தார். மகள் கை தட்டினாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று என் வாயைப் பார்த்துச் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணு. வெளிய வெள்ளை, உள்ள ஈறு. ரிசப்ஷன்ல பத்த வெச்சீங்கன்னா ரொம்ப நேரம் எரிய விடாதீங்க. சூட்டுல தோல் எறங்கினா ரோஸ் தெரியும். போட்டோ எடுத்ததும் ஊதிடுங்க."

விஜயதசமி காலை. காபி குடித்துவிட்டு ஷோகேஸ் முன் நின்றேன். அன்னம் அருமையாக இருந்தது, அந்தக் கண்ணைத் தவிர. என்னால் பொறுக்க முடியவில்லை. மூன்று மாடி வீடு, இத்தாலி மார்பிள், அதன் நடுவில் ஒரு கோணக் கண்! ஒரு ஸ்பூன் காம்பைச் சூடு செய்தேன். கடுகை நெம்பினேன். எதிர் அன்னத்தின் கண்ணுக்குச் சரியாக ஸ்கேல் வைத்துப் பதித்தேன். தூக்குக்குண்டு பிடித்தால்கூடக் குறை சொல்ல முடியாது.

பதினோரு மணிக்குச் சம்பந்தியம்மா வந்தார். செருப்பைக் கழற்றினார், ஷோகேஸிடம் போனார், நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"இது நன்னதல்ல" என்றார். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம் வந்துவிடும். பிறகு தமிழில் சொன்னார்: "இது நான் செஞ்சதில்ல."

"அய்யோ, உங்க கைப்பக்குவமேதாங்க!" என்றேன்.

"எனக்குக் கண்ணு நேரா வெக்க வராதுங்க. மூணு தடவ வெச்சன், மூணு தடவயும் எறங்குச்சு. கிளாஸ்ல டீச்சரே சிரிச்சாங்க. இது கடையில வாங்கினது." "ஒடைஞ்சு போச்சுன்னு சொல்லியிருக்கலாமில்ல? பெரிய வூடு, பெரிய மனுசரு, வேற ஒண்ணு வாங்கி வெச்சா போதும்னு நெனச்சிட்டீங்க."

சோபாவில் உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை. மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என் எண்ணூறு மூட்டை ஸ்டாக்கில் ஒரே நாளில் புழு விழுந்தாலும் அப்படி வலித்திருக்காது. இவள் போய் வாழ வேண்டிய வீட்டை இவள் போவதற்கு முன்பே நான் இழுத்து மூடிவிட்டேன்.

மனைவி அடுப்பங்கரையிலிருந்து போன் போட்டிருக்கிறாள். ஐந்து நிமிடத்தில் அவர் வந்தார், கை முழுக்க வெள்ளை மாவோடு. வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஷோகேஸைத் திறந்து அன்னத்தை எடுத்தார். கண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்களுக்குள் இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் என் வாயை விட்டு என் கண்ணைப் பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

"அம்மா, இது உங்க அன்னந்தாங்க. கற்பூரத்துல உருகிடுச்சு. கழுத்த நான் ஒட்டினன். மேல பூசினது பூரா உங்க மெழுகு, வெளி மெழுகு ஒரு சொட்டு இல்ல. இத பாருங்க." அன்னத்தைத் தலைகீழாகத் திருப்பினார். அடிப்பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, ஈரக் களிமண்ணில் வைத்ததுபோல. "மெழுகு ஆறுறதுக்குள்ள தூக்கிட்டீங்க போல. இதை நான் தொடல."

சம்பந்தியம்மா தன் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தார். பூட்டில் சாவி போல உட்கார்ந்தது.

"அப்ப கண்ணு?"

"கண்ண நீங்க வெச்ச எடத்துலதாங்க வெச்சன். அதை நேராக்கினது யாருன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார். மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம்... ஸ்கேல் வெச்சு..." என்றேன்.

"கற்பூரம்னு சொன்னாரே, அது என்னாங்க?"

அதற்குள் என் மகள், "அப்பா உங்க அன்னத்துக்கு ஆரத்தி எடுத்தாரு அத்தை! ஒம்பது சுத்து! அது உருகித் தலை சாஞ்சதும் சாமி உத்தரவுன்னு கும்புட்டாரு!" என்று போட்டு உடைத்தாள்.

சம்பந்தியம்மா ஒரு கணம் என்னையே பார்த்தார். அடுத்த கணம் சிரிப்பு பீறிட்டது. சோபாவே குலுங்கியது. சிரித்துக்கொண்டே இருந்தவர், சட்டென்று ஞாபகம் வந்ததுபோலப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்.

பல்செட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். "அம்மா, கைய எடுங்க. மேல வலது பக்கம் தெத்துப்பல்லா?" என்றார். இப்போதுதான் ஒட்டிய கழுத்தை மறுபடியும் உடைக்கிறாரே! "எந்த டாக்டர் சொன்னாலும் அதை நேராக்கிடாதீங்க. உங்க மொகம் அதுலதான் நிக்குது."

"எங்க வூட்டுக்காரரு முப்பது வருசமா கிளிப் போடு கிளிப் போடுன்னு உயிர எடுக்கறாருங்க."

"அவரப் பத்து நிமிசம் எங்கிட்ட அனுப்புங்கம்மா. அவரு பல்லப் பாத்து நான் நாலு வார்த்த சொல்றன்."

இரண்டாவது சிரிப்புக்குத் தலைப்பு மேலே போகவில்லை. ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார். ஊசியைச் சூடு செய்து தரச் சொல்லி, கண்ணைத் தானே பிடுங்கித் தானே வைத்தார். அது முன்னைவிடக் கீழே இறங்கிவிட்டது. அன்னம் கோவில் வாசலில் செருப்பைத் தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல இருந்தது. "இப்பதான் என்னோடது" என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பினார்.

ஈறு விஷயத்தை மட்டும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ரிசப்ஷன். கம்பைநல்லூர் அப்படி ஒரு ரிசப்ஷனைப் பார்த்ததில்லை. மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய எல்.இ.டி. திரை நான் வைத்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து தாமரைத் திரியைப் பத்த வைத்தார்கள். கைதட்டல். போட்டோ எடுத்ததும் ஊத வேண்டும் என்று நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். வீடியோக்காரர், "சார், எரியட்டும், லுக்கு நல்லாருக்குது" என்று தடுத்தார். அதற்குள் மொய் வரிசை என்னைச் சூழ்ந்துகொண்டது. ஒரு கையை உருவினால் இன்னொருவர் பிடித்துக் குலுக்குகிறார். கால் மணி, அரை மணி. திரும்பிப் பார்த்தேன். வீடியோக்காரர் அன்னத்தை நெருக்கி எடுத்து இரண்டு திரையிலும் ஆள் உயரத்துக்குப் போட்டிருக்கிறார். இடது அன்னத்தின் கழுத்தில் வெள்ளை மெல்ல வழிந்து இறங்குகிறது. உள்ளேயிருந்து ரோஸ், ஒரு கோடு, இரண்டு கோடு, பிறகு கழுத்து முழுக்க. ஆயிரம் பேர் ‘ஓ’ என்றார்கள்.

சம்பந்தியம்மா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். யாரோ பெண்கள் ஓடிவந்து, "எப்பிடிங்க இது? உள்ள ரோசு வெச்சு செய்யறதா? எங்க கத்துக்கிட்டீங்க?" என்று மொய்த்துக்கொண்டார்கள். மைக்கைக் கையில் வாங்கியவர் ஒரு வார்த்தை பேச முடியாமல் சிரித்தார். இப்போது ஒரு திரையில் அன்னம், இன்னொரு திரையில் ஈறோடு தெத்துப்பல், ஒரு முழ நீளத்துக்கு. "அது நானும் எங்க சம்பந்தியும் சேந்து செஞ்சதுங்க!" என்றார். மண்டபம் அதிர்ந்தது.

மேடையிலிருந்து இறங்கி, முன் வரிசையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பல்செட்டுக்காரரிடம் ஓடினேன்.

"என்னாங்க உக்காந்திருக்கறீங்க! ஈறு தெரியுதுங்க!"

அவர் ஸ்பூனைச் சப்பிக்கொண்டே திரையை நிமிர்ந்து பார்த்தார். அன்னத்தைப் பார்த்தாரா, சம்பந்தியம்மாவைப் பார்த்தாரா தெரியவில்லை.

"சிரிச்சா ஈறு தெரியத்தாங்க மொதலாளி செய்யும்" என்றார்.